சீனத்துக் காட்டு இலந்தைப் பருப்பும் தூக்கமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சீன மருந்துக்கடைகளில் தூக்கத்துக்கு என்று கேட்டால் பெரும்பாலும் எடுத்துத் தருவது ஒரு சிவப்புப் பருப்பு. சுவான்ஸாவ்ரென் என்பார்கள். சிங்கப்பூர், மலேசியாவில் இருக்கும் நம் ஆட்களுக்குப் பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி மூலம் இது அறிமுகமாகியிருக்கும், ஊரில் இருப்பவர்களுக்கு ஆன்லைன் கடைகள் மூலம். இதைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. ஆனால் இந்தப் பருப்பைப் பற்றிப் பல வருடமாகப் படித்து, வாங்கி, விற்பவர்களிடமும் வைத்தியர்களிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டவன்.

இது உண்மையில் என்ன விதை?

இலந்தைதான். ஆனால் நம் ஊர் இலந்தை இல்லை. வட சீனாவின் வறண்ட மலைச்சரிவுகளில் தானாக முளைக்கும் முள்செடி அது. பழம் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத்தான் இருக்கும், சதை மெல்லியது, நல்ல புளிப்பு. உள்ளே இருக்கும் கொட்டை கல் மாதிரி கெட்டி, அந்தக் கொட்டையை உடைத்தால் உள்ளே ஒன்றோ இரண்டோ தட்டையான பருப்பு இருக்கும். அதுதான் மருந்து. பழம் தனி, கொட்டையின் ஓடு தனி, பருப்பு தனி என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் 'சீன இலந்தை' என்று சொல்லி உலர்ந்த பெரிய சிவப்புப் பேரீச்சை போன்ற பழத்தைத் தலையில் கட்டுகிறார்கள். அது இனிப்பு இலந்தை, சூப்பில் போடுவது, தூக்கத்துக்கான இந்தப் பருப்பு அதில் கிடைக்காது.

ஹெபெய் மாநிலத்தின் சிங்தாய் பகுதிச் சரக்குக்குத்தான் பரம்பரையாகப் பெயர். அங்கே நெய்ச்சியூ என்ற வட்டாரத்தில் பழத்தை வாங்கி, சதை நீக்கி, கொட்டை உடைத்துப் பருப்பெடுக்கும் தொழிலே பெரிய அளவில் நடக்கிறது. ஷான்ஷி, ஷாண்டோங், லியாவ்னிங் பக்கமிருந்தும் வருகிறது. சதை பானத்துக்கும் வினிகருக்கும் போகும், ஓட்டிலிருந்து கரி எடுப்பார்கள், எதுவும் வீணாவதில்லை.

அப்படியானால் நம் ஊர் இலந்தைக் கொட்டையை உடைத்துச் சாப்பிட்டால் போதாதா?

தமிழ்நாட்டு ஆட்கள் கேட்கும் முதல் கேள்வி இது, நியாயமான கேள்வியும்கூட. இலந்தைப்பழம், இலந்தை வடை என்று சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இவ்வளவு விலை கொடுத்துச் சீனாவிலிருந்து ஏன் வரவழைக்க வேண்டும் என்று தோன்றத்தான் செய்யும்.

நம் இலந்தையும் சீனத்துக் காட்டு இலந்தையும் ஒரே பேரினம், ஆனால் வேறு வேறு இனங்கள். நம் இலந்தையின் பருப்பு சீனச் சந்தையிலும் இருக்கிறது. யுன்னான் மாநிலத்திலிருந்தும் மியான்மரிலிருந்தும் வருகிறது, விலை குறைவு, அங்கே அதை அசல் பருப்போடு கலப்பதைத்தான் கலப்படம் என்கிறார்கள். சீன அரசின் பார்மகோபியா, அதாவது மருந்துகளின் தரத்தை வரையறுக்கும் நூல், ஏற்பது காட்டு இலந்தைப் பருப்பை மட்டும். அசல் பருப்பில் ஜுஜுபோசைட் ஏ என்ற பொருள் குறைந்தது 0.030 சதவீதமும் ஸ்பைனோசின் என்ற பொருள் குறைந்தது 0.080 சதவீதமும் இருக்க வேண்டும் என்று அளவு வைத்திருக்கிறார்கள். நம் ஊர்ப் பருப்பு அந்த அளவுகோலை வைத்து விற்கப்படுவதும் இல்லை, அது அதே மாதிரி தூங்க வைக்கும் என்று சொல்ல மனிதர்களிடம் பார்த்த ஆதாரமும் இல்லை. அதனால் இலந்தைப்பழத்தை ரசித்துச் சாப்பிடுங்கள், கொட்டையை உடைத்துத் தூக்க மருந்து தயாரிக்க வேண்டாம்.

எவ்வளவு காலமாக இதைத் தூக்கத்துக்குத் தருகிறார்கள்?

ஹான் பேரரசின் கடைசிக் காலத்தில், அதாவது கி.பி. 200-ஐ ஒட்டி வாழ்ந்தவர் ஜாங் ஜோங்ஜிங் என்ற மருத்துவர். இன்றைய ஹெனான் மாநிலத்து நான்யாங்காரர். அவருடைய பெயரில் வரும் 'ஜின்குய் யாவ்லுவே' என்ற நூலில் ஒரு வரி இருக்கிறது: உடல் தேய்ந்து, மனம் காரணமில்லாமல் பரபரத்து, தூக்கம் வராமல் கிடப்பவருக்குப் புளிப்பு இலந்தைக் கஷாயம் கொடு. அவ்வளவுதான் அந்த வரி. சீன மருத்துவம் படித்த யாருக்கும் இது மனப்பாடம்.

அதற்கும் முந்தைய மூலிகை நூலான 'ஷென்னோங் பென்சாவ் ஜிங்' புளிப்பு இலந்தையை மேல்தர மூலிகைகளில் வைத்திருக்கிறது, ஆனால் தூக்கம் பற்றி அங்கே பேச்சே இல்லை, கைகால் வலி, ஈரத்தால் வரும் வாதம் என்றுதான் சொல்கிறது. தூக்கத்துக்கான மருந்து என்ற பெயர் அதற்கு அப்புறம்தான் நிலைத்தது. பழம் தூக்கத்தை விரட்டும், பருப்பு தூக்கத்தைக் கொடுக்கும் என்று ஒரு பேச்சு பழைய உரைகளில் ஓடுகிறது. 1578-இல் தன் பெரிய மூலிகைத் தொகுப்பை எழுதி முடித்த லி ஷிஜென் இன்னொரு படி போய், பச்சைப் பருப்பு அதிகத் தூக்கத்துக்கு, வறுத்த பருப்பு தூக்கமின்மைக்கு என்று பிரித்தார். அதைப் பற்றிக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.

தூக்கம் வராத எல்லோருக்கும் இது ஒத்து வருமா?

வராது. இந்த ஒரு கேள்விக்கான பதிலை மட்டும் படித்துவிட்டுப் போனாலும் எனக்குச் சந்தோஷம்.

சீன மருத்துவத்தில் தூக்கமின்மை ஒரு நோய் இல்லை, பல நோய்கள். ஒருவருக்கு ராத்திரி தாமதமாக வயிறு முட்டச் சாப்பிட்டதால் தூக்கம் வராது. இன்னொருவருக்குக் கோபமும் எரிச்சலும் தலைக்கேறி, கண் சிவந்து, வாய் கசந்து வராது. மற்றொருவருக்கு நெஞ்சில் சளி கட்டி, குமட்டலோடு வராது. இவர்கள் யாருக்கும் ஒரு நல்ல வைத்தியர் இந்தப் பருப்பை முதல் மருந்தாக எழுத மாட்டார், ஒவ்வொருவருக்கும் வேறு வேறு கூட்டு இருக்கிறது.

இந்தப் பருப்பு யாருக்கு என்றால், உடம்பு ஓய்ந்து போயிருக்கும் ஆனால் மனசு ஓடிக்கொண்டே இருக்கும், படுத்தால் நாளைக்குச் செய்ய வேண்டியது எல்லாம் வரிசையாக வரும், கொஞ்சம் கண்ணயர்ந்தாலும் சின்னச் சத்தத்துக்கு விழிப்பு வந்துவிடும், படபடப்பு இருக்கும், நடு ராத்திரியில் கழுத்தும் நெஞ்சும் வியர்த்து நனையும், தொண்டை வறளும், பகலில் லேசாகத் தலை சுற்றும். நாக்கு சிவந்திருக்கும், நாடி மெல்லியதாக, கட்டின நரம்பு மாதிரி விறைப்பாக ஓடும். வருடக்கணக்காக வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்கள், மாதவிடாய் நிற்கும் வயதில் இருக்கும் பெண்கள், பரீட்சைக்கோ வேலைக்கோ மாதக்கணக்கில் தூக்கம் கெடுத்தவர்கள் என்று இந்த மாதிரி ஆட்களைத்தான் வைத்தியர்கள் உதாரணமாகச் சொல்கிறார்கள்.

இதற்கு அவர்கள் தரும் விளக்கம், கல்லீரலில் ரத்தம் குறைந்துவிட்டது என்பது. பயப்பட வேண்டாம், இது ஸ்கேனில் தெரியும் கல்லீரல் கோளாறு இல்லை. அவர்கள் கணக்கில் பகலில் உடம்பெங்கும் ஓடும் ரத்தம் ராத்திரி கல்லீரலுக்குத் திரும்புகிறது, மனதின் ஒரு பகுதியும் அதோடு அங்கே போய் அடங்குகிறது. ரத்தம் குறைவாக இருந்தால் அடங்க இடமில்லை, அதனால் கனவும் விழிப்பும். பருப்பு இனிப்பும் புளிப்பும் கலந்த சுவை, சூடும் இல்லை குளிர்ச்சியும் இல்லை, இதயத்தையும் கல்லீரலையும் ஊட்டும் என்று வகைப்படுத்துகிறார்கள். இந்த விளக்கத்தை நீங்கள் நம்பித்தான் ஆக வேண்டும் என்பதில்லை, ஆனால் ஆளைப் பார்த்து மருந்தைப் பிரிக்கும் அந்த முறையை நான் மதிக்கிறேன். 'தூக்கத்துக்கு நல்லது' என்று ஒரே வரியில் விற்பவர்கள் அதைத்தான் தூக்கி எறிந்துவிட்டார்கள்.

தூக்கத்தைத் தவிர வேறு எதற்கு?

உடல் பலவீனத்தில் வரும் வியர்வை, படபடப்பு, தாகம். பெரும்பாலும் வேறு மூலிகைகளோடு சேர்த்துத்தான்.

பச்சைப் பருப்பா, வறுத்ததா?

கடையில் இரண்டும் இருக்கும். வறுத்ததையே கேட்டு வாங்குங்கள். எண்ணெய் விடாமல், சிறு தீயில், பருப்பு லேசாக உப்பி, படபடவென்று வெடிக்கும் சத்தம் வந்து, நிறம் கொஞ்சம் கறுக்கும்வரை வறுத்து இறக்குவார்கள். அதற்கு மேல் போனால் கருகி, உள்ளிருக்கும் எண்ணெய் வற்றி, மருந்து கெட்டுவிடும் என்பது பழைய பண்டிதர்களும் சொன்னதுதான்.

லி ஷிஜென் பிரித்தாரே, பச்சையானது தூக்கத்தைக் கலைக்கும் என்று, அது இன்று நிற்கவில்லை. எலிகளிடம் செய்த ஆய்வுகளில் பச்சைப் பருப்பும் அமைதிப்படுத்தவே செய்தது. வறுப்பதால் கிடைக்கும் லாபம், தோல் வெடித்துப் பருப்பு எளிதில் பொடியாகும், தண்ணீரில் சத்து நன்றாக இறங்கும்.

எவ்வளவு, எப்படிக் காய்ச்சுவது?

சீனப் பார்மகோபியா சொல்லும் அளவு ஒரு நாளைக்கு 10 முதல் 15 கிராம். வைத்தியர்கள் ஆளைப் பார்த்து இதைவிடக் கூட்டியும் எழுதுகிறார்கள், அது அவர்கள் பொறுப்பு, நீங்களாகக் கூட்ட வேண்டாம்.

காய்ச்சுவதில் பலர் விடும் தவறு, பருப்பை முழுசாகத் தண்ணீரில் போடுவது. முழுப் பருப்பின் தோல் வழவழவென்று கெட்டியாக இருக்கும், அரை மணி நேரம் கொதித்தாலும் அப்படியே மிதந்து கிடக்கும். பழைய மருந்துக்கடைகளில் பார்த்தால் தெரியும், கடைக்காரர் இழுப்பறையைத் திறந்து ஒரு பிடி எடுத்து, சின்ன நிறைகோலில் எடை பார்த்து, அப்படியே மடித்துக் கொடுக்க மாட்டார், பித்தளை உரலில் போட்டு நாலு தட்டு தட்டி, ஒவ்வொரு பருப்பும் பிளந்த பிறகுதான் காகிதத்தில் கொட்டுவார். தட்டும்போது வறுத்த எண்ணெய்வித்தின் வாசனை வரும். வீட்டிலும் அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் அம்மியிலோ உரலிலோ தட்டிக்கொள்ளுங்கள். மாவாக அரைக்க வேண்டாம், வடிகட்ட முடியாமல் கஷாயம் கூழாகிவிடும்.

தட்டியதை ஒன்றரை டம்ளர் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, மூடி போட்டுச் சிறு தீயில் அரை மணி முதல் முக்கால் மணி நேரம் காய்ச்சி வடிகட்டுங்கள். மண் சட்டியோ கண்ணாடிப் பாத்திரமோ நல்லது, இரும்புச் சட்டி வேண்டாம். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வெதுவெதுப்பாகக் குடிப்பது வழக்கம். சிலர் வடிகட்டிய தண்ணீரில் அரிசி போட்டுக் கஞ்சி வைக்கிறார்கள், வயதானவர்களுக்கு அது இதமாக இருக்கிறது. பால் சேர்க்கலாமா, பனங்கற்கண்டு சேர்க்கலாமா என்றால், ருசிக்குத் தாராளமாக.

ஜாங் ஜோங்ஜிங்கின் அந்தப் பழைய கஷாயத்தில் பருப்பு மட்டும்தானா?

இல்லை, ஐந்து சரக்குகள். காட்டு இலந்தைப் பருப்பு இரண்டு ஷெங். ஷெங் என்பது முகத்தலளவை, ஹான் காலத்தில் ஏறக்குறைய 200 மில்லி, ஆக நம் கணக்கில் 400 மில்லி கொள்ளும் பாத்திரம் நிறையப் பருப்பு! அதோடு அதிமதுரம் ஒரு லியாங் (இது பழைய சீன எடை அளவு), ஜிமூ என்ற கிழங்கு, பைன் மர வேரில் வளரும் ஃபூலிங் என்ற காளான், சுவான்சியோங் என்ற வாசனைக் கிழங்கு, இந்த மூன்றும் இரண்டிரண்டு லியாங். முதலில் பருப்பை மட்டும் எட்டு ஷெங் தண்ணீரில் போட்டு ஆறாகச் சுண்ட விட வேண்டும், அப்புறம் மற்ற நாலையும் போட்டு மூன்றாகச் சுண்டவைத்து, மூன்று வேளையாகச் சூடாகக் குடிக்க வேண்டும்.

இந்தக் கூட்டின் அழகு என்னவென்றால் பருப்பு உள்ளே இழுத்து அடக்கும், சுவான்சியோங் ரத்தத்தை ஓட வைக்கும், ஜிமூ உள்சூட்டைத் தணிக்கும், ஃபூலிங் மனதை நிதானப்படுத்தும், அதிமதுரம் எல்லாவற்றையும் சமாதானப்படுத்தும். அடக்குவதும் ஓட்டுவதும் ஒரே சட்டியில். ஜப்பானில் இதே கூட்டை சான்சோனின்தோ என்ற பெயரில் பொடியாக மருத்துவர்கள் எழுதிக் கொடுக்கிறார்கள், உடலும் மனமும் களைத்துத் தூக்கம் வராதவர்களுக்கு என்றே அதன் குறிப்பு இருக்கிறது, மருத்துவக் காப்பீடும் உண்டு. தைவானில் 2002ஆம் ஆண்டின் தேசியக் காப்பீட்டுப் பதிவுகளை எடுத்து ஆராய்ந்தபோது தூக்கமின்மைக்கு அதிகமாக எழுதப்பட்ட கூட்டு மருந்தாக இதுவே வந்தது.

சரி, அறிவியல் என்ன சொல்கிறது?

விலங்குகளில் நிறைய, மனிதர்களில் கொஞ்சம்.

ஜுஜுபோசைட், ஸ்பைனோசின் இரண்டும் மூளையில் காபா, செரட்டோனின் என்ற செய்தி கடத்தும் பொருள்கள் வேலை செய்யும் இடங்களைப் பாதிக்கின்றன என்று எலிகளில் காட்டியிருக்கிறார்கள். மயக்க மருந்து கொடுத்த எலிகள் இந்தச் சாறும் சேர்ந்தால் இன்னும் நேரம் தூங்குகின்றன. ஆனால் ஜுஜுபோசைட் வாய்வழியாகப் போனால் குடலில் பெரும்பகுதி உடைந்துவிடுகிறது, அப்படியே ரத்தத்தில் சேர்வது சொற்பம். அதனால் உண்மையில் வேலை செய்வது அதுவா, அது உடைந்து வரும் பொருள்களா என்பது இன்னும் ஆராய்ச்சியில் இருக்கிறது.

மனிதர்களிடம் செய்தவற்றில் எனக்குப் பிடித்தது தைவானில் செய்து 2015-இல் வெளியான ஒன்று. போதைப் பழக்கத்திலிருந்து மீள மெத்தடோன் எடுத்துக்கொண்டிருந்த, தூக்கம் கெட்டுப்போன 90 பேரைப் பிரித்து, பாதிப் பேருக்கு இந்த ஐந்து சரக்குக் கூட்டும் மீதிப் பேருக்குப் போலிப் பொடியும் நாலு வாரம் கொடுத்தார்கள், யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியாது. கூட்டு எடுத்தவர்களின் தூக்கம் தேறியது. இந்த மாதிரி ஒழுங்காகச் செய்த ஆய்வுகள் குறைவு. சீனாவில் செய்தவை ஏராளம், பெரும்பாலும் சாதகமாகவே முடிகின்றன, ஆனால் பலவற்றில் ஆட்கள் குறைவு, போலி மருந்தோடு ஒப்பிடவில்லை, யாருக்கு எது என்பதை மறைக்கவில்லை. எல்லாவற்றையும் சேர்த்து மதிப்பிட்டவர்கள் 'நம்பிக்கை தருகிறது, ஆனால் ஆதாரத்தின் தரம் குறைவு' என்றே எழுதியிருக்கிறார்கள். என் அபிப்பிராயமும் அதுதான். வேலை செய்யக்கூடிய மருந்து. 'நிரூபிக்கப்பட்டது' என்று பாட்டிலில் அச்சடிப்பவர்களை நம்பாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் செய்ய வேண்டியது மருந்தே இல்லை என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016-இல் வழிகாட்டுதல் கொடுத்தது. சிபிடி-ஐ என்ற பயிற்சி அது. படுக்கை நேரத்தைக் கட்டுப்படுத்துவது, தூக்கம் வராதபோது எழுந்து போய்விடுவது, தூக்கத்தைப் பற்றிய பயத்தைக் குறைப்பது என்று சில வாரங்கள் செய்வது. அதற்கான ஆதாரம் இந்தப் பருப்புக்கு இருப்பதைவிடப் பல மடங்கு பலமானது.

பக்கவிளைவு உண்டா? யார் தொடக்கூடாது?

சாதாரண அளவில் பெரும்பாலானவர்களுக்கு ஒத்துக்கொள்கிறது. சீன சுகாதார அமைச்சகம் 2002-இல் வெளியிட்ட, உணவாகவும் மருந்தாகவும் பயன்படுத்தக்கூடியவற்றின் பட்டியலில் இதுவும் இருக்கிறது. ஆனாலும் கவனிக்க வேண்டியவை உண்டு.

பருப்பில் எண்ணெய் அதிகம், ஏற்கெனவே வயிறு இளகிப் போகிறவர்களுக்கு இன்னும் இளகும். மறுநாள் காலை மந்தமாக இருந்தால் அளவு அதிகம் என்று அர்த்தம், அப்போது வண்டி ஓட்டாதீர்கள். மதுவோடு சேர்க்கவே கூடாது.

மன அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொடாதீர்கள். வென்லாஃபாக்சின் மாத்திரையோடு இந்தப் பருப்பு மருந்தையும் சேர்த்து எடுத்த ஒருவருக்குக் கடுமையான எதிர்வினை வந்தது 2004-இல் ஒரு மனநல மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. ஒரே ஒரு சம்பவம்தான், ஆனால் செரட்டோனின் பக்கம் வேலை செய்யும் பொருள் என்பதால் அலட்சியப்படுத்த முடியாது. வலிப்பு மருந்து, தூக்க மாத்திரை, பதற்றத்துக்கான மாத்திரை எடுப்பவர்களுக்கும் இதே பேச்சு.

தனிப் பருப்பாக இல்லாமல் ஐந்து சரக்குக் கூட்டாக எடுத்தால் அதிமதுரத்தையும் கணக்கில் வைக்க வேண்டும். நீண்ட நாள் எடுத்தால் பொட்டாசியம் குறைந்து ரத்த அழுத்தம் ஏறும், கால் வீங்கும். ரத்தக்கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு, இதய நோய் உள்ளவர்கள் கட்டாயம் கேட்டுக்கொள்ள வேண்டும். கர்ப்பமாக இருப்பவர்களும் பால் கொடுப்பவர்களும் தவிர்த்துவிடுவது நல்லது. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தால் மயக்க மருந்து கொடுப்பவரிடம் இதைச் சொல்லுங்கள், மூலிகைதானே என்று மறைக்காதீர்கள்.

குழந்தைக்குக் கொடுக்கலாமா?

வேண்டாம். தூங்காத குழந்தையை மருத்துவரிடம் காட்டுங்கள்.

தூக்க மாத்திரையை விட்டுவிட்டு இதற்கு மாறலாமா?

நீங்களாக மாறாதீர்கள். பல மாதம் எடுத்த தூக்க மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் பழையதைவிட மோசமாகத் தூக்கம் கெடும், பதற்றம் வரும், சில மாத்திரைகளில் வலிப்பே வரலாம். எழுதிக் கொடுத்த மருத்துவர் மூலமாகத்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும்.

குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருகிறவர்களுக்கு இந்தப் பருப்பும் பதில் இல்லை, தூக்க மாத்திரையும் பதில் இல்லை. தூக்கப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தைராய்டு அதிகமாகச் சுரப்பது, ரத்தசோகை, மனச்சோர்வு, இவையும் தூக்கத்தைக் கெடுக்கும், அதற்கெல்லாம் கஷாயம் குடித்து நாள் கடத்தக்கூடாது.

எத்தனை நாளில் தெரியும்?

முதல் ராத்திரியே அடித்துப்போட்டால் சந்தேகப்படுங்கள். இது ஒன்றிரண்டு வாரத்தில், விழிப்புகள் குறைவதிலும் படபடப்பு அடங்குவதிலும் மெல்லத் தெரிவது. நாலு வாரம் ஆகியும் வித்தியாசமே இல்லை என்றால் உங்களுக்கான மருந்து இது இல்லை, நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள்.

முதல் ராத்திரியே அடித்துப்போட்டால் ஏன் சந்தேகப்பட வேண்டும்?

மூலிகை என்று சொல்லி உள்ளே ஆங்கில மருந்தைக் கலப்பது இந்தத் தொழிலின் பெரிய சாபம். 1998-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 'ஸ்லீப்பிங் புத்தா' என்ற மூலிகைத் தூக்க மாத்திரையைப் பற்றி எச்சரித்தது. உள்ளே எஸ்டாசோலம் இருந்தது, அது மருத்துவர் சீட்டில்லாமல் தரக்கூடாத தூக்க மருந்து. வாங்கியவர்கள் மூலிகை என்று நம்பித்தான் விழுங்கினார்கள். பெயர் தெரியாத கேப்சூலை ஆன்லைனில் வாங்காதீர்கள் என்று நான் கெஞ்சுவது இதனால்தான்.

இன்னொரு ஆபத்து சாதிலிங்கம். இந்தப் பருப்பு சேரும் பழைய உருண்டைகளில் ஒன்றின் பெயர் 'தியென்வாங் பூசின் தான்'. மரபான செய்முறையில் உருண்டைக்கு மேல்பூச்சே சாதிலிங்கம்தான், அதாவது பாதரசம் கலந்த தாது. இன்றும் சில தயாரிப்புகளில் இருக்கிறது. சிவப்பாக, பளபளவென்று பூச்சு இருந்தாலோ, சரக்குப் பட்டியலில் ஜூஷா (சாதிலிங்கத்தின் சீனப் பெயர்) என்று இருந்தாலோ வாங்காதீர்கள்.

அசல் பருப்பை எப்படிக் கண்டுபிடிப்பது?

பத்துப் பருப்பை உள்ளங்கையில் போட்டு நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். அசல் என்றால் தட்டையான வட்டம் அல்லது முட்டை வடிவம், நீளம் 5 முதல் 9 மில்லிமீட்டர், தடிமன் 3 மில்லிமீட்டர் சுமார். நிறம் ஊதா கலந்த சிவப்பு அல்லது ஊதாப் பழுப்பு, வழவழவென்று மினுங்கும். ஒரு பக்கம் கொஞ்சம் உப்பியிருக்கும், மறுபக்கம் தட்டை. அந்தத் தட்டைப் பக்கத்தின் நடுவில் நெடுக ஒரு மேடான கோடு ஓடும், நகத்தால் தடவினால் தட்டுப்படும். அந்தக் கோட்டைத்தான் நான் முதலில் தேடுவேன். நம் ஊர் இலந்தைப் பருப்பில் அந்த மேடு இருக்காது, நிறமும் மஞ்சள் கலந்த பழுப்பாக, வெளிறி இருக்கும்.

மைசூர் பருப்பைக் கலப்பதும் நடக்கிறது, தோலோடு இருக்கும் முழுப் பயறு. தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்று போலவே தெரியும். பிளந்து பாருங்கள்: அசலின் உள்ளே வெளிர் மஞ்சளாக, கசக்கினால் விரலில் எண்ணெய் ஒட்டும். மைசூர் பருப்பு உள்ளே ஆரஞ்சு, எண்ணெய்ப் பசையே இருக்காது, மென்றால் பச்சைப் பயறு வாசனை. தண்ணீரில் போட்டவுடன் சாயம் இறங்கினால் அதையும் வாங்காதீர்கள். பொடியாக அரைத்து விற்பதில் இது எதையும் பார்க்க முடியாது, அதனால் பொடி வேண்டாம், முழுப் பருப்பாக வாங்குங்கள்.

ஏன் இவ்வளவு விலை?

தூக்கம் கெட்டவர்கள் பெருகிவிட்டார்கள், செடி பெரும்பாலும் காட்டுச்செடி, கொட்டையை உடைத்துப் பருப்பெடுக்கும் வேலையும் அதிகம். விலை ஏற ஏற, பழம் பழுக்கும் முன்பே பச்சையாக அடித்து உதிர்த்துக்கொண்டு போகிறார்கள். பழுக்காத காயில் பருப்பு முற்றாது, சுருங்கிச் சொத்தையாகப் போகும், அடுத்த வருடத்துக்கான கிளைகளும் முறிகின்றன. பல வட்டார அரசுகள் பச்சைக்காய் பறிக்கத் தடை அறிவிப்பே போட்டிருக்கின்றன. பொறுத்திருந்து இலையுதிர்காலக் கடைசியில் பறித்தால் மருந்தும் நன்றாக இருக்கும், செடியும் பிழைக்கும். மலையில் நிற்கும் ஒரு செடியை இப்படி வதைப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. சந்தை விலையைவிட மிக மலிவாக யாராவது கொடுத்தால் ஒன்று அது பச்சைக்காய்ப் பருப்பு, இல்லையென்றால் கலப்படம்.

யாரிடம் போய்க் கேட்பது?

சிங்கப்பூரில் சீன மருத்துவர்கள் பதிவு செய்துகொள்ள 2000ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது, மலேசியாவிலும் 2016-இல் சட்டம் வந்தது. பதிவு பெற்றவரா என்று பார்த்துவிட்டுப் போங்கள், இப்போது எடுக்கும் மாத்திரைகளின் பெயர்களை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். சிங்கப்பூரில் தயாரித்து அடைத்த சீன மருந்துகளைச் சுகாதார அறிவியல் ஆணையம் பட்டியலிடுகிறது, பட்டியலில் இருப்பதை வாங்குவது பாதுகாப்பு. ஊரில் இருப்பவர்களுக்கு அந்த வசதி இல்லை, அவர்கள் முதலில் தங்கள் மருத்துவரிடம் தூக்கம் கெட்ட காரணத்தைப் பார்த்துக்கொள்வதே சரி. நல்ல சித்த மருத்துவரிடம் போனால் அவருக்குப் பழக்கமான சரக்குகளே இருக்கின்றன, அறிமுகமில்லாத இந்தப் பருப்பை எழுதச் சொல்லி அவரை வற்புறுத்த வேண்டியதில்லை.

வாங்கியதை எப்படி வைத்துக்கொள்வது?

எண்ணெய்வித்து என்பதால் சீக்கிரம் சிக்கு வாசனை வரும், பூச்சியும் பிடிக்கும். கண்ணாடி ஜாடியில் இறுக மூடி, வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வையுங்கள், நம் ஊர் வெக்கைக்கு ஃபிரிட்ஜே நல்லது. ஒரு மாதத்துக்கு வேண்டியதற்கு மேல் வாங்காதீர்கள். ஒரு பருப்பைக் கடித்துப் பாருங்கள், பழைய தேங்காய் எண்ணெய் மாதிரி நாக்கில் காறினால் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள், விலையைப் பார்த்துத் தயங்க வேண்டாம்.